நடுவில் அவள் என்ன சொன்னாள்?

வியாழன், இரவு.

இன்று வகுப்பில் இரண்டு ஆங்கிலக் கவிதைகளை ஒப்பிட்டு நடத்தினேன். ஒன்றில், இளமை போய்விடும், இப்போதே வா என்று ஒருவன் ஒரு பெண்ணைக் கெஞ்சுகிறான். மற்றதில், ஒருவனை நம்பிப் போய்ப் பெயர் கெட்டவளைப் பற்றி ஊர் பேசுகிறது. என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கடைசி பெஞ்ச் ஸ்டெல்லா எழுந்தாள்.

“ரெண்டும் ஒரே பொண்ணுதான் மிஸ். மொதல்ல அவன் பேசறான், அப்பால ஊரு பேசுது. நடுவுல அவ இன்னா சொன்னான்னு யாருமே எழுதல.”

வகுப்பு சிரித்தது. அதெல்லாம் பரீட்சைக்கு வராது என்று சொல்லி உட்கார வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

மாலையில் நல்ல மழை. கணக்குத் துறை பாஸ்கர் சார் என்னைத் திருமுல்லைவாயிலில் என் வீடு வரை பைக்கில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் சிரிக்க வைத்தார். வீட்டுக்கார அம்மா கேட்டிலேயே நின்றிருந்தார்.

“வண்டில உட்டுட்டுப் போறாரே, யாரும்மா? அண்ணனா?”

தலையாட்டினேன். எனக்கு அண்ணன் கிடையாது.

“அதான பார்த்தேன். தனியா கீற பொம்பள, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

மாடிக்கு வந்து ஈரப் புடவையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போனில் பாஸ்கர் சாரின் செய்தி: ‘சாப்பிட்டீங்களா?’ என்னை யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. நான் அதைப் படித்துவிட்டது அவர் போனில் தெரிந்திருக்கும். ‘சாப்பிட்டேன்’ என்று அடித்து அழித்தேன். ‘இல்லை’ என்று அடித்தேன். அதையும் அழித்தேன்.

பசிக்கிறது.