ட்ரெய்லர் விளக்கு எரிந்தால் வருவார்

ஜூலை 10, வியாழன்

விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. பாப்பாவுக்கு மூக்கு லேசாக ஒழுகுகிறது. சளிதானா, வேறு ஏதாவதா?

சேகர் ஆனேக்கல் போய் ஒரு வாரம். யுத்தப் பட ஷூட்டிங், எங்கள் பழைய மிலிட்டரி ஜீப்பும் ட்ரெய்லரும் வாடகைக்கு. பகல் ஷூட்டிங்தான், ராத்திரி அல்சூர் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பேச்சு. ஆனால் ட்ரெய்லரின் பின்விளக்கு ஒரு குழியில் எரிகிறது, அடுத்த குழியில் அணைகிறது. லாரிகளுக்கு நடுவே இருட்டில் அப்படி வரவே கூடாது என்று பாப்பா மேல் சத்தியம் வாங்கியவள் நான்தான். ட்ரெய்லரை அங்கே விட்டு வந்தால் டயர் இருக்காதாம்.

போனில்: "பல்ப் மாத்திட்டேன் கவி. நாளைக்கு நைட் வந்துடுவேன், பாரு."

தலையணை உறை மாற்றினேன்.

ஜூலை 11, வெள்ளி

வரவில்லை. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் கூடவே சிமிட்டுகிறதாம். பிரேக் மிதித்தால் எல்லாமே மங்கல்.

"ஒயர் புதுசு, பல்ப் புதுசு. இன்னா கேடு இதுக்கு?"

"எர்த் இல்லைங்க. கரண்ட் திரும்பி வர வழி இல்லாம அடுத்த பல்ப் வழியா சுத்துது."

"ஜீப்ல நல்லா எரியுதே, இன்ஜினியர் மேடம்?"

"ஜீப்புக்கு இருக்கு. ட்ரெய்லருக்கு எங்க குடுத்திருக்கு?"

"ஜீப்ல மாட்டுற கொக்கி வழியாத்தான். இரும்பும் இரும்பும்."

கொக்கி! ஷூட்டிங்குக்கு முன்னால் ஆசை ஆசையாகப் பச்சைப் பெயிண்ட் அடித்தாரே. ரெண்டு கோட். கொக்கி, போல்ட் எதையும் விடவில்லை. பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் எப்படிப் போகும்? அழகாயிருக்கு என்று நானும் சொன்னேன்.

வேலையை விட்ட பிறகு இவ்வளவு சந்தோஷமாக எதையும் யோசித்ததில்லை. ஆனால் பேசியதெல்லாம் ஒயர். சாப்பிட்டாயா என்று அவரும் கேட்கவில்லை, நானும்.

அத்தை: "புருசனும் பொண்டாட்டியும் போன்லயே கரண்ட் பாடம் நடத்துங்க. இங்க புள்ள அழுவுது."

ஜூலை 12, சனி

வீடியோ கால். முகத்தைப் பார்த்தேன். தாடி. உடனே கேமராவை விளக்குப் பக்கம் திருப்பச் சொன்னதும் நான்தான். முகம் போய்விட்டது. கை மட்டும். கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"என்ன ஆச்சு விரல்ல?"

"ஒண்ணுமில்ல. மேல சொல்லு."

நீள ஒயர். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை விளக்கின் இரும்புக் கூட்டில். எரியவில்லை.

"பெயிண்ட் மேல வெச்சா எப்படிங்க? சுரண்டுங்க."

சுரண்டினார். "பத்திக்கிச்சு கவி!" நின்று எரியும் சிவப்பு. பாப்பா ஸ்கிரீனைப் பிடிக்கப் பாய்ந்தாள்.

பிறகு ட்ரெய்லரிலிருந்து ஜீப் சட்டத்துக்குத் தனி எர்த் ஒயர், ரெண்டு பக்கமும் போல்ட் இடத்தைப் பளபளவென்று சுரண்டி. குழியில் ஓட்டிப் பார்த்தார். அணையவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் கிளம்பறேன்."

அத்தையிடம் மீன் வாங்கச் சொன்னேன். சிரித்தார்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். பாப்பாவுக்கு மூக்கு சரியாகிவிட்டது. மீன் குழம்பு, தலைக்குக் குளியல், அந்த மஞ்சள் சுடிதார்.

ஆறு மணிக்குப் போன். ட்ரெய்லர் விளக்கு எரிவதை ஷூட்டிங் மேனேஜர் பார்த்துவிட்டாராம்.

"'லைட் எரியிற ட்ரெய்லர் இது ஒண்ணுதான் சேகர், நைட் சீனையும் எடுத்துடலாம்'ங்கிறான். விடமாட்டேங்கிறான் கவி. இன்னும் ஒரு வாரம்."

"சரி."

"கோவமா?"

"எர்த் போல்ட் மேல வாசலின் தடவுங்க. மழையில துரு ஏறும்."

இதைத்தான் சொன்னேன். சொல்ல வந்தது இதில்லை.

சரி செய்யாமல் விட்டிருந்தால் இன்று வந்திருப்பாரோ? சீ. இருட்டில் அந்த ரோட்டில்.

குழம்பு டப்பாவில். டயப்பர், பால் பவுடர், தெர்மாஸ் பையில். நாளைக் காலையில் மார்க்கெட் பஸ் ஸ்டாண்ட் போய் ஆனேக்கல் பஸ் பிடித்தால் பத்து மணிக்குள் போய்விடலாம். நைட் ஷூட்டிங் என்றால் பகலில் தூங்குவார். தூங்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.