நுளம்புக்குப் பூசிய தண்ணீர்

1935 சனவரி 8, செவ்வாய். நீர்வேலி.

மழை விட்டு மூன்று நாள். வாழைத் தோட்டத்தில் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது காதுக்குள் நுளம்பு ஒன்று. கையை வீசியதில் சுண்ணக்கட்டி பறந்துபோக, முன்வாங்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தெற்கே மலேரியாக் காய்ச்சலில் வீடு வீடாகச் சாகிறார்கள் என்று பத்திரிகை சொல்கிறது. எங்கள் மூத்த மகன் வன்னிக்குப் போய் வந்த அதே காய்ச்சலில் செத்து இரண்டு வருஷம். இப்போது இருப்பது மகள் அருந்ததி ஒருத்திதான். ஐந்து வயது.

சனவரி 9

வேப்பிலையும் நொச்சியும் போட்டு வீடு முழுக்கப் புகை. மனைவி பராசக்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "இஞ்சருங்கோ, நுளம்பு சாகமுன்னம் நாங்கள் செத்துப்போவம். நூத்துவிடுங்கோ." அணைத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இவளால் எப்படிப் பகிடிவிட முடிகிறது? அவளும் அவனைப் பெற்றவள்தானே.

சனவரி 11

பிள்ளையின் கால் முழுக்கக் கடி. சொறிந்து சொறிந்து இரண்டு இடத்தில் புண். எண்ணினேன், பதினேழு. இதில் எந்தக் கடியில் காய்ச்சல் இருக்கிறதோ?

சனவரி 12, சனி

பக்கத்து வளவுக் கதிரவேலு, புகையிலைக் காம்பை அவித்த தண்ணீரை மாட்டுக்குத் தடவிக்கொண்டு நின்றார். உண்ணிக்காம். அந்த மாட்டின் முதுகில் ஒரு நுளம்பு இல்லை, ஓர் இலையான் இல்லை! அரைப் போத்தல் கேட்டேன். "கனக்கத் தடவக் கூடாது வாத்தியார். மாடு நக்கினால் விழுந்திடும்" என்றார். எங்கள் மாட்டுக்கென்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

முதலில் என் கையில் பூசிப் பார்த்தேன். நுளம்பு கிட்டவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது, வாய் ஊறியது. நான்தான் எதைத் தொட்டாலும் பயப்படுகிற ஆளாயிற்றே. இதுவும் வீண் பயம் என்று விட்டுவிட்டேன்.

சனவரி 13, ஞாயிறு

எழுத முடியவில்லை.

சனவரி 14

பொங்கல். வெளியே வெடிச் சத்தம். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

நேற்றுப் பின்னேரம் பராசக்தி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, பிள்ளைக்குப் பூசினேன். "ஐயா, மணக்குது" என்று மூக்கைப் பொத்தினாள். கை, கால், கழுத்து, உள்ளங்கை - ஓரிடம் விடவில்லை. சொறிந்த புண்ணிலும் பூசினேன். நுளம்பு அங்கேதான் முதலில் குந்தும் என்று என் மூளை!

விளக்கு வைக்கிற நேரம் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை, நடுக்கம். "வந்திட்டுது! மூத்தவனுக்கு வந்த மாதிரியே வந்திட்டுது!" என்று பராசக்தி கத்தினாள். பிள்ளையைப் போர்வையால் சுற்றினாள். நான் சந்தி மருந்துச்சாலைக்கு ஓடி அப்போத்திக்கரி செபநாயகத்தைக் கூட்டி வந்தேன்.

அவர் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே. உடம்பு குளிர்ந்து கிடக்குது. வாயாலை வீணி வடியுது. பிள்ளைக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்? என்னத்தைப் பூசினனீங்கள்?"

"ஒண்டும் இல்லை ஐயா" என்றாள் பராசக்தி. அவளுக்குத் தெரியாதே.

எனக்குத் தெரியும். இது காய்ச்சலாகவே இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்தேனே! இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ, அதையே பிள்ளைக்கு வேண்டி நின்றேன். அவள் மறுபடி சத்தி எடுத்தாள்.

"போயிலைத் தண்ணி. நான்தான் பூசினனான்."

"போர்வையை எடுங்கோ! சவுக்காரம் கொண்டாங்கோ! அது தோலாலையும் உள்ளுக்குப் போகும், புண்ணிருந்தால் இன்னும் கெதியாப் போகும்."

மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினார்கள். நான் வாளி தூக்கினேன். பிள்ளையைத் தொடப் பராசக்தி விடவில்லை.

விடியும்போது அருந்ததி தண்ணீர் கேட்டாள். குடித்தாள். வயிற்றில் தங்கியது.

சனவரி 16

அப்போத்திக்கரியார் ஒரு சின்னப் போத்தலில் நுளம்புக்குப் புல்லெண்ணெய் தந்தார். தனியாகப் பூசக் கூடாதாம். ஒரு கரண்டி தேங்காயெண்ணெய்க்கு இரண்டு மூன்று துளிதான். "முதல் முழங்கையிலை ஒரு பொட்டுப் பூசி, நாளைக்குச் சிவக்குதோ எண்டு பாருங்கோ. கண், வாய், உள்ளங்கை, புண் - கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. படுக்கமுன்னம் கழுவிப்போட்டு நுளம்பு வலைக்குள்ளை விடுங்கோ." ஒரு மணித்தியாலம்தான் நிற்கும், பிறகு திரும்பப் பூச வேண்டும் என்றார். கூடப் போட்டால் கூட நேரம் நிற்காதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! போத்தலைப் பராசக்தி வாங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள்.

சனவரி 20

பிள்ளையின் கை சிவக்கவில்லை. பராசக்திதான் பூசுகிறாள். என்னோடு கதைப்பதில்லை. புதுக் கடி இரண்டே இரண்டு. தூரத்தில் நின்று எண்ணினேன்.

சனவரி 27

கதிரவேலு பலகாரம் கொண்டு வந்து, மாட்டுக்கு உண்ணி போய்விட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

பெப்ரவரி 3, ஞாயிறு

பின்னேரம் பராசக்தி அடுப்படியில் நின்றாள். கலந்து வைத்த எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

கிண்ணத்தோடு பிள்ளையிடம் போனேன். அருந்ததி வாங்கில் இருந்தாள்.

"ஐயா, முதல் கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். என் உள்ளங்கை இரண்டையும் மூக்கருகே பிடித்து, ஒவ்வொன்றாக மணந்து பார்த்தாள். சந்தேகம் தீராமல் வலக்கையை இன்னொரு தரம் மணந்தாள்.

பிறகு காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.