மரியாதை தெரிந்த கம்ப்யூட்டர்

சிங்காநல்லூர், கோவை
18.6.1997

அன்புள்ள லட்சுமிக்கு,

இங்கே நானும் வீடும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தணிந்ததா?

இனி வருவதை உன் அண்ணன் காதில் விழும்படி உரக்கப் படி. சி என்னும் கம்ப்யூட்டர் மொழியை வைத்து மில்லிலும் கடையிலும் என்னென்ன வேலை செய்யலாம் என்று நான் எழுதிய புத்தகம் முழுக்க விற்றுவிட்டது. மறுபதிப்பு அச்சில் இருக்கிறது. பொட்டியைத் தட்டினா சோறு வருமா மாப்பிள்ளை என்று விருந்தாளிகள் முன்னால் சிரித்தாரே சீனிவாசலு மச்சான், வந்துவிட்டது என்று சொல். என் பாடக்குறிப்பில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு என்னைக் கல்லூரியை விட்டே போகவைத்த துறைத் தலைவரும் ஒரு பிரதி வாங்கி, கையெழுத்து கேட்டு ஆள் அனுப்பினார். போடவில்லை.

தப்பான எண்ணை அடித்தால் திரையில் 'ஏனுங்க, இந்த எண் சரியில்லைங்களே' என்று ஆங்கில எழுத்தில் வரும்படி எழுதியிருந்தேன் அல்லவா? மெட்ராஸ் பதிப்பாளர் 'ங்க' எல்லாவற்றையும் அடித்து, இது புத்தகத் தமிழ் இல்லை என்று திருப்பி அனுப்பினார். விட்டுக்கொடுத்தால் என்ன என்று நீகூடச் சொன்னாய். நான் மசியவில்லை. மனசில்லாமல்தான் அச்சிட்டார். இப்போது, தப்பு செய்தாலும் அதட்டாத கம்ப்யூட்டர் என்று மில் கணக்கர்கள் கேட்டு வாங்குகிறார்களாம். நேற்று அவரே படியேறி வந்து, அடுத்தது என்னங்க எழுதறீங்க என்றார். ஒரே மூச்சில் இரண்டு 'ங்க'!

லாரி ஆபீஸில் எந்தச் சரக்கை எந்த வண்டியில் ஏற்றுவது, சாயப்பட்டறையில் போன மாதத்து நிறத்தையே மறுபடி கொண்டுவருவது என்று என் யோசனைகளைச் சொன்னேன். தலையாட்டினார். கல்யாணச் சமையலில் எத்தனை இலைக்கு எவ்வளவு அரிசி, பாதிப் பந்தியில் கூட்டம் கூடினால் ரசத்துக்கு என்ன வழி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் புத்தகம்தான் முதலில் வேண்டுமாம். அது என் யோசனை இல்லை, என் மனைவி கோபத்தில் கேட்டது என்றேன். உங்க மிஷின் இதைச் சொல்லுமா என்று கேட்டுவிட்டுத்தானே பெருந்துறை பஸ் ஏறினாய்.

அவரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அரிசி பருப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அட்டையில் உன் பெயர்தான் முதலில் வரும். பெயரைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன், அதில் மாற்றமில்லை.

உன் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று கத்தினேன். வாரேன் என்று ஒரு வரி போடு, ஞாயிற்றுக்கிழமையே வந்து மிதிக்கிறேன். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
வரதராஜுலு