ஐந்தாம் கெட்டிலின் இரண்டு குழாய்கள்

11.10.91, வெள்ளி

வெயில். புரட்டாசி முடியப்போகிறது, ஒரு தூறல்கூட இல்லை. கம்பெனி முழுக்க பெயின்ட் வாடை. தலைவலி.

ஆயுத பூஜைக்கு முதலாளி வருகிறார். அதற்கடுத்த சனிக்கிழமை யாரோ வெளிநாட்டுக்காரர், கூட்டுச் சேர. அதனால் எல்லாம் பளபளக்க வேண்டுமாம். கான்ட்ராக்ட் பெயின்டர்கள் நான்கு பேர், மூன்று நாளாக. கேட், கம்பி, ஏணி, டிரம் எல்லாம் சில்வர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மிக்ஸிங் ஹாலுக்குள் நுழைந்தால் குழாய்களும் சில்வர்.

ஒன்று விடாமல். காற்றுக் குழாயின் நீலம் இல்லை. நைட்ரஜன் குழாயின் மஞ்சளும் கறுப்புப் பட்டையும் இல்லை. கத்தினேன். பெயின்டர் ஏணியில் நின்றபடியே, "ஒரே கலர்ல அடிக்கச் சொன்னாங்கோ, அடிச்சோம். இன்னாத்துக்கு கூவுற?"

மேனேஜரிடம் போனேன். "பாக்க எவ்ளோ நீட்டா இருக்கு. நீதான டிப்ளமா? எது எதுன்னு கண்டுபிடிச்சு ஸ்டென்சில் போட்டு எழுதிடு. பூஜைக்கு முன்னாடி."

வரைபடம் கேட்டேன். மெட்ராஸ் ஆபீசில் இருக்கிறதாம்.

12.10.91, சனி

வேலைப் பட்டியல்:
கெட்டில் ஆறு (பசை காய்ச்சும் பாத்திரம், ஆள் உள்ளே இறங்கலாம்). ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுவரில் இரண்டு குழாய், இரண்டு வால்வு. ஒன்று காற்று, ஒன்று நைட்ரஜன். எது இடம், எது வலம் என்று ஒழுங்கு கிடையாது. போட்டவன் எவனோ, இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறான்.

கெட்டிலில் தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன். காற்று, உள்ளே இறங்கிச் சுரண்டுகிறவர் மூச்சு விட. முகமூடி, அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ், ஹோஸ் நுனியில் கப்ளிங். அதைக் குழாயில் மாட்டி வால்வைத் திறக்க வேண்டும்.

ஃபிட்டர் தாஸ் அண்ணனிடம் கேட்டேன், இரண்டு குழாய்க்கும் கப்ளிங் வேறு வேறு அளவில்தானே இருக்க வேண்டும், காற்று ஹோஸ் நைட்ரஜனில் மாட்டவே கூடாதே என்று.

"மொதல்ல அப்டித்தான் இருந்துச்சு. அந்த சைஸ் ஸ்டாக் இல்ல. ஒரே சைஸா மாத்திட்டேன். ஒரே ஹோஸு, எங்க வேணா மாட்டிக்கலாம். வேலை சுளுவு."

"ஆள் செத்துட்டா?"

"அதான் கலர் இருக்கேப்பா."

இருந்தது, அண்ணே. நேற்று வரைக்கும்.

நைட்ரஜனுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, தொண்டையில் எரிச்சல்கூட இல்லை. இரண்டு மூச்சு, கண் இருட்டும், அவ்வளவுதான். கத்தக்கூட நேரம் இருக்காது என்று பாலிடெக்னிக்கில் சொன்னார்கள். அன்று பரீட்சைக்காக எழுதிக்கொண்டேன்.

15.10.91, செவ்வாய்

மூன்று நாளாகக் குழாய் பின்னாலேயே நடக்கிறேன். கம்ப்ரசரிலிருந்து ஒன்று, நைட்ரஜன் சிலிண்டர் கொட்டகையிலிருந்து ஒன்று. கழுத்து வலி. சிமென்ட் ஓட்டுக்கு மேலே ஏறி, சிலந்திக்கூடு, எலிப் புழுக்கை.

மற்ற ஐந்து கெட்டிலும் சரி. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, எழுதிவிட்டேன். ஐந்தாம் நம்பர் மட்டும் சிக்கல். இரண்டு குழாயும் பாய்லர் ரூம் சுவருக்குள் ஜோடியாக நுழைகின்றன, அந்தப் பக்கம் ஜோடியாக வருகின்றன. சுவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. சுவரை உடைக்கவா முடியும்? இடது உள்ளே போனால் இடதாகத்தானே வரும்.

மேனேஜர் கீழே நின்றுகொண்டு, "இன்னுமாய்யா?"

எழுதினேன். இடது: காற்று. வலது: நைட்ரஜன். எழுத்து அழகாக வந்தது. முடிந்தது சார் என்றேன்.

17.10.91, வியாழன்

பூஜை ஆயிற்று. குழாய்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பொரி, சுண்டல், ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஸ்வீட் இல்லை, பொரி மட்டும். இதைக்கூடப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டுமா?

என் பாக்கெட்டை ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தேன். கெட்டிலுக்குள் இறங்குகிறவர் அவர்தான். பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். என்னை இன்ஜினீரு என்று கூப்பிடுவார், கிண்டலாக.

"இன்னா இன்ஜினீரு, செவுரு பூரா எழுதி வெச்சிகிற, எலக்சனா?"

"எது காத்து, எது நைட்ரஜன்னு எழுதிருக்கேண்ணா."

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நீலம்னா காத்து. அத்தத்தான் பாத்துகினு இருந்தேன் இத்தினி வருசமும். இப்ப பாரு, எல்லாம் வெள்ளிக் கெண்டி மாதிரி கீது." சிரித்தார். "நீ எழுதிகிற இல்ல, அது போதும். எவனாச்சும் படிச்சிச் சொல்வான்."

அது போதும் என்றார். ஐந்தாம் நம்பரை நான் பார்க்கவில்லை. நினைத்தேன். நினைத்ததை எழுதினேன்.



18.10.91, வெள்ளி

ஐப்பசி ஒன்று. மூட்டம்.

ஒரு ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போனேன். ஐந்தாம் நம்பரில், காற்று என்று நான் எழுதிய குழாயில் ஹோஸ் மாட்டி, பாட்டில் அடிவரை விட்டு, மெதுவாகத் திறந்து நிரப்பி, மூடினேன். ஹாலுக்குள் நெருப்பு ஆகாது, சைக்கிள் ஸ்டாண்டுக்கு எடுத்துப் போனேன். தீக்குச்சி கிழித்து, மூடியைத் தள்ளி உள்ளே விட்டேன். காற்றென்றால் எரிய வேண்டும்.

அணைந்தது. ஊதி அணைத்தது போல்கூட இல்லை. சட்டென்று இல்லாமல் போனது.

மறுபடி. அணைந்தது. மூன்றாம் தடவை குச்சி கையிலிருந்து விழுந்துவிட்டது. வலது குழாயிலிருந்து நிரப்பிப் பார்த்தேன். குச்சி கடைசி வரை எரிந்தது, விரலைச் சுட்டது.

இடம் வலம் மாறித் தப்பாக எழுதியிருக்கிறேன். சுவருக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி இடம் மாறியிருக்கின்றன.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. "யார்ட்டயும் சொல்லாத. நாளைக்கு காலைல பத்து மணிக்கு அந்த ஃபாரின்காரர் வர்றார், ஈர பெயின்ட் இருக்கக் கூடாது. அஞ்சாம் நம்பர் கிளீனிங் திங்கக்கெழமதான். ஞாயித்துக்கெழம வந்து மாத்தி எழுது. உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்ல இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். குன்றத்தூர் போகும்போதெல்லாம், வேலை நிரந்தரமாயிற்றா என்று அம்மா கேட்கிறாள்.

இடது குழாயின் வால்வுப் பிடியைக் கட்டுக்கம்பியால் எட்டுச் சுற்று சுற்றி முறுக்கினேன். ரூமுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமை. கம்பி இருக்கிறது. எட்டுச் சுற்று.

19.10.91, சனி

எழுத வேண்டும், வரிசையாக.

ஏழு மணி ஷிஃப்ட். ஆறே முக்காலுக்குப் போனேன். ஹாலில் விளக்கெல்லாம் போட்டிருக்கிறது. ஐந்தாம் நம்பர் மூடி திறந்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர் கண்ணில் பசைக்கட்டி படக்கூடாதாம், கிளீனிங்கை முன்னால் இழுத்துவிட்டார் மேனேஜர். எனக்குச் சொல்லவில்லை. மறந்தாரா, நினைத்துப் பார்க்கவே இல்லையா, தெரியவில்லை.

ஏழுமலை அண்ணன் ஒரு கால் உள்ளே, ஒரு கால் ஏணியில். முகமூடி நெற்றியில். ஹோஸ் இடது குழாயில். கட்டுக்கம்பி கீழே கிடக்கிறது. தாஸ் அண்ணன் கையில் கட்டிங் பிளேயர், இன்னொரு கை வால்வில். "காத்துன்னு எழுதிருக்கு, எறங்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏழுமலை அண்ணன் முகமூடியைக் கீழே இழுத்து மாட்டினார். தாஸ் அண்ணன் வால்வைத் திறந்தார்.

நான் என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ஹோஸைப் பிடித்து இழுத்தேன், கப்ளிங் கழன்று என் முழங்காலில் அடித்தது. தாஸ் அண்ணன், "பைத்தியமாடா உனக்கு?"

"அது நைட்ரஜன். தப்பா எழுதிட்டேன்."

குழாய் சீறிக்கொண்டிருந்தது, தாஸ் அண்ணன் வால்வை மூடினார். ஏழுமலை அண்ணன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார். கிண்டல் இல்லை.

"தெர்ஞ்சி எழுதனியா, தெரியாம எழுதனியா?"

"தெரியாமண்ணா."

"எப்ப தெர்ஞ்சிது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "நேத்து."

"நேத்து தெர்ஞ்சிது. இன்னிக்கு சொல்ற."

அவ்வளவுதான் கேட்டார். கீழே உட்கார்ந்துகொண்டார்.

நேற்று ஐந்து மணிக்குப் பிள்ளைப்பாக்கம் போயிருக்கலாம். சைக்கிள் இருந்தது. வழி தெரியும். மேனேஜர் மேல் கோபப்பட்டுக்கொண்டு ரூமில் படுத்திருந்தேன். இவர்களையெல்லாம் திட்டுகிற நான், எட்டுச் சுற்று கம்பியில் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரர் வந்தார். குழாய்களைப் பார்த்து ஏதோ பாராட்டினாராம்.

21.10.91, திங்கள்

மழை பிடித்துவிட்டது. சேறு.

நேற்று நாள் முழுக்க நானும் தாஸ் அண்ணனும். ஆறு கெட்டிலுக்கும் பாட்டில் வைத்துப் பார்த்து, நீலம், மஞ்சள், கறுப்புப் பட்டை. கப்ளிங் மாற்ற இன்னும் ஆர்டர் போடவில்லை. மேனேஜர் எழுத்தில் விளக்கம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன்: குழாயில் தவறாக எழுதியது நான். உண்மைதான். வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னதையும் எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். எழுதவில்லை. கன்ஃபர்மேஷன் போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் ஏழுமலை அண்ணன் ஐந்தாம் நம்பருக்கு வந்தார். ஹோஸை நீலத்தில் மாட்டினார். வால்வைத் திறந்தார். முகமூடியை என்னிடம் நீட்டினார்.

"போடு."

"பாட்டில் வெச்சுப் பாத்தாச்சுண்ணா. நீலம் அடிச்சிருக்கு."

"நீதான அடிச்ச? போடு. பத்து மூச்சு வுடு. நான் எண்றேன்."

கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நானே சோதித்த குழாய், நானே அடித்த நீலம். ஆனாலும் ரப்பர் முகத்தில் ஒட்டியதும் முதல் மூச்சை இழுக்க முடியவில்லை. இழுக்கிற வரைக்கும் அவர் ஒன்று என்று சொல்லவில்லை. காத்திருந்தார்.

நான்காவதில் கண் இருட்டியது போல் இருந்தது. பயத்தில்தான். ஏழு. எட்டு. பத்து வரை எண்ணினார், ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

முகமூடியை வாங்கி, உள்ளே இருந்த என் வேர்வையைச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் சொன்னார், இனி ஒவ்வொரு தடவையும் நீதான் முதலில் என்று. வாரத்துக்கு மூன்று தடவை இறங்குகிறார். சரிண்ணா என்றேன்.

அடுத்தது புதன், இரண்டாம் நம்பர்.