அக்கா காரின் பின் ஆக்சில்

என் முன்கோபக்கார அக்காவுக்கு,

உன் காரைத் தொட்டுவிட்டேன். திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடு. கெட்ட வார்த்தையெல்லாம் உனக்குப் பிரெஞ்சில்தானே வரும், அம்மாவுக்குப் புரியக் கூடாதென்று.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த ரெண்டு சீட்டு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இதுவரை முதலியார்பேட்டை வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள்தான் கிடந்தது. பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடமிருந்து நீ அதை வாங்கி வந்த அன்றைக்கு, "இதுல எங்கடி உக்கார்றது, படுக்கத்தான் முடியும்" என்றாள் அம்மா. நீயும் பத்து வருஷம் அதற்கு அடியில்தான் படுத்துக் கிடந்தாய்.

அந்த நாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். அதைத் தவிர வேறெதையும் நான் நினைப்பதில்லை. அன்று பந்த். ஆட்டோ ஒன்றுகூட ஓடவில்லை. காலையிலிருந்து "கேஸுடா, சரியா பூடும்" என்று நெஞ்சை நீவிக்கொண்டிருந்த நீ, பதினோரு மணிக்கு வேர்த்து ஊற்றி உட்கார்ந்துவிட்டாய். ஆம்புலன்ஸைக் கேட்டால் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஆணியில் மாட்டியிருந்த உன் கார் சாவியை எடுத்தேன்.

"வேணாண்டா, அதுல வேணாம்" என்றாய். இந்த நிலைமையிலும் வண்டியைத் தர மனசு வரவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பதற்றத்தில் கிளட்சைப் படக்கென்று விட்டேன். சிக்னலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. ஒரு லோடு வண்டிக்காரர் வந்து நம்மை ஏற்றிக்கொள்ளும்வரை உன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கிய அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அம்மாவுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

"எம் பொண்ண நடுரோட்ல நிறுத்திட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் போடும் சோற்றைச் சாப்பிடுகிறாள். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உடைத்தவன்தானே சரிசெய்ய வேண்டும்? போன வாரம் லீவு போட்டேன். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கட்டை வைத்து, சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றினேன். ஆபீஸில் உட்கார்ந்தே பழகிய உடம்பு, முட்டி இரண்டும் உரிந்துபோயின. சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் கையோடு வந்தது. உள்ளே சிக்கிய மிச்சத்தைக் கம்பி நுனியில் காந்தம் கட்டித் துழாவி எடுக்க ஒரு பகல் போயிற்று.

இரண்டு துண்டையும் உழவர்கரையில் இருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பார்த்ததுமே, "இது அக்கா வண்டியாச்சே. அக்கா ஏன் சார் வரல?" என்றார் பட்டறைக்காரர். சொன்னேன். மெஷினை நிறுத்தினார். பிறகு உள்ளே போய், எண்ணெய்க் காகிதம் சுற்றிய நீளமான ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். புது ஷாஃப்ட். காகிதத்தின் மேல் உன் பேர்.

"அக்கா சொல்லி செஞ்சது சார். பழச கழட்டி எடுத்தாந்தாங்க. மண்ணெண்ண தடவித் தொடச்சிட்டு சாக்பீஸ் பொடி தூவிக் காட்டினேன். தலமுடி மாதிரி கோடு தெரிஞ்சுது. புதுசு ஆவற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்கன்னேன். பீச் ரோடு வரைக்கும்தாண்ணா, மெதுவா போறேன்னுட்டு பழசயே மாட்டிக்கினாங்க. தம்பிக்குத் தெரிஞ்சா விக்கச் சொல்லுவான், சொல்லிடாதீங்கன்னாங்க."

பழைய துண்டு உடைந்த இடத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முக்கால்வாசி கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் ஒரு பிறை அளவுக்கு மட்டும் வெளுப்பு. "இந்த வெள்ளதான் சார் அன்னிக்கி உங்க கையில போனது. கறுப்பெல்லாம் பழைய விரிசல்."

அதுல வேணாம் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிச்சத்தையும் ஏன் சொல்லவில்லை அக்கா? மூச்சு முட்டியதா, இல்லை, அப்போதும் நான் வண்டியை விற்கச் சொல்வேன் என்று பயந்தாயா? சொல்லியிருந்தால் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டாவது நடந்திருப்பேனே. ஒரு வருஷமாக உன் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது, அதற்கு நீ இல்லை. இது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

புது ஷாஃப்ட் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. நேற்றுச் சாயங்காலம் தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அம்மா, "வந்துட்டியாம்மா?" என்றாள்.

உள்ளே போய் அவள் எதிரில் நின்றேன். நான்தான் என்று தெரிந்ததும், "இப்ப ஓடி என்னாடா ஆவப்போவுது. அன்னிக்கி ஓடியிருக்கணும்" என்றாள். உடைந்த துண்டு என் கையில்தான் இருந்தது. பட்டறைக்காரர் சொன்னதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் நான் தப்பித்திருப்பேன். ஆனால் உன்னை நினைக்கும்போது அம்மாவுக்கு அழுகை மட்டும்தான் வருகிறது. அதில் கோபத்தையும் கலந்துவிட எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாம்மா, நாந்தான் ஒடச்சிட்டேன்" என்றேன்.

அவளுக்கு இந்த விஷயம் தெரியவே தெரியாது, இது சத்தியம். இந்தக் கடிதம் பேப்பரில் அச்சாகி வருகிறதே என்று பயப்படாதே. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, பேப்பரைப் படித்துக் காட்டுவது நான்தான். இந்தப் பக்கம் வரும்போது புரட்டிவிடுவேன்.

உன்மேல் தீராத கோபத்தோடு,
உன் ஒரே தம்பி