பலகையில் எண் இரண்டு

ஜூன் 3, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது, இருக்கட்டும். வலது தோள் எலும்பு உடைந்து இன்றோடு பதினேழு நாள். கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாதம். அதுவரை ஒரு குவளைத் தண்ணீரைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது. ஷவர் மட்டும் வேலை செய்தால் யார் தயவும் வேண்டாம். அது மூன்று நாளாகச் செத்துக் கிடக்கிறது. கைப்பிடி சும்மா சுற்றுகிறது, தண்ணீர் மூக்கு ஒழுகுகிற மாதிரி வருகிறது.

இன்றும் இவர்தான் ஊற்றினார். முப்பத்தொரு வருஷக் குடித்தனம், இருந்தும் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டுதான் ஊற்றுகிறார். பாதி தரைக்கு, பாதி என் காதுக்குள். "சூடு போதுமா? சூடு போதுமா?" என்று நாலு தரம். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று.

ஜூன் 4, புதன்

பிளம்பர் வந்தார். கையில் ஒரே ஒரு பைப் ரிஞ்ச். அதை வைத்தே உலகத்தைக் கழற்றி மாட்டிவிடுவார் போல. வால்வைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "டைல்ஸ உடைச்சு மொத்தமா மாத்திடலாம்க்கா. பத்து நாள் ஆகும்." பத்து நாள்! தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கருவி ஸ்டோரைக் கட்டி மேய்த்தவளிடம் சொல்கிறார்! "வாசல் அந்தப் பக்கம்" என்றேன்.

கெட்டுப்போயிருப்பது உள்ளே இருக்கும் ஸ்பிண்டில், கைப்பிடியோடு சுற்றித் தண்ணீரைத் திறந்து மூடும் தண்டு. அதைப் பிடித்திருக்கும் நட்டு சுவருக்குள் இரண்டு அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சாதா ஸ்பானர் எட்டாது. பைப் ரிஞ்ச் கடித்துக் குதறிவிடும். வேண்டியது குழாய் ஸ்பானர். குழல் போல நீளமாகப் போய் நட்டைக் கவ்வும். பின்னால் ஒரு கம்பியைச் செருகித் திருப்ப வேண்டியதுதான். நம் வீட்டிலேயே இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்று இவரை அனுப்பினேன்.

நெடுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

ஜூன் 5, வியாழன்

வீட்டிலும் எங்கள் ஸ்டோர் முறைதான். பின்கட்டில் கருவிப் பலகை. எந்தக் கருவியை எடுத்தாலும் அதன் ஆணியில் நம் பித்தளை டோக்கனை மாட்ட வேண்டும். என் டோக்கனில் 1, இவருடையதில் 2. குழாய் ஸ்பானரின் ஆணி மேல் வரிசையில். அங்கே ஒரு டோக்கன் தொங்குகிறது, எண் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டப்பட்டு. ஆகா, என்ன கெட்டிக்காரத்தனம்! எண்ணைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமா நான்?

"எங்க வச்சீங்க?"

"எடுத்த ஞாபகம் இல்லையே, ஸ்டோரம்மா."

"அப்ப அதுக்குக் கால் முளைச்சுப் போயிடுச்சா?"

பலகையைப் பார்த்தார். என் தோள்கட்டைப் பார்த்தார். "சரி, நானாத்தான் இருக்கும். வயசாச்சுல்ல" என்றார்.

ஸ்டோரில், எடுத்ததைத் திருப்பித் தராதவன் எண்ணைச் சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டுவேன். மேலாளர் எண்ணையே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். இவருக்கு மட்டும் என்ன சலுகை? கொட்டை எழுத்தில் 2 என்று எழுதி, வருகிறவர் போகிறவர் பார்க்கக் கூடத்தில் மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். இவரும் சேர்ந்து சிரிக்கிறார். ரோஷம் என்பது மருந்துக்கும் கிடையாது.

ஜூன் 6, வெள்ளி

கட்டிங் பிளேயரில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார், சரித்திர வாத்தியார். மெயின் வால்வை மூடச் சொன்னேன். சமையலறை வால்வை மூடியிருக்கிறார். பீய்ச்சி அடித்ததில் தலை முதல் கால்வரை நனைந்து நின்றார். எந்த ராஜா எந்த வருஷம் செத்தான் என்பது மட்டும் தலைகீழாகத் தெரியும். நட்டின் ஒரு மூலை மழுங்கிவிட்டது. இன்னொரு தரம் பிளேயரை வைத்தால் பிளம்பர் சொன்னபடி சுவரை உடைக்க வேண்டியதுதான். "கைய எடுங்க!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஜூன் 7, சனி

குளிக்கவில்லை. யாரும் ஊற்ற வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே ஆளைக் காணோம். பொழுது சாய்கிற நேரத்துக்கு, கசங்கின சட்டையும் காய்ந்த முகமுமாக வந்தார். காகிதத்தில் சுற்றிய ஒரு குழாய் ஸ்பானர். சரியான அளவு.

"பழைய சாமான் கடைல கிடைச்சுது."

ஒரு ஸ்பானர் வாங்க ஒரு நாள் முழுக்க! அதுவும் உடம்பெல்லாம் சுரண்டிச் சுரண்டிக் கீறல் விழுந்த பண்டம். நல்லதைப் பார்த்து வாங்க ஒரு கண் வேண்டாமா என்றேன். "உன் கண்ணு எனக்கு ஏது?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, இவர் செய்தார். மெயின் வால்வை மூடி, குழாயைத் திறந்து விட்டுச் சோதித்து — நானே சோதித்தேன் — கைப்பிடியைக் கழற்றி, ஸ்பானரை நட்டின் அடிவரை செலுத்தி, கம்பியைச் செருகி... "பிடுங்காதீங்க, மெல்ல அழுத்துங்க." மழுங்கின மூலையையும் மீறிக் கவ்வியது. கிறீச் என்றது. கழன்றது! பழைய ஸ்பிண்டிலைக் கடையில் காட்டி அதே அளவில் புதிது வாங்கி வந்து பூட்டினார்.

கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அப்பாடா!

பிறகு பலகையில் மாட்டுவதற்காக ஸ்பானரைத் துடைத்தேன். வாய்க்குள், பிளேடு எட்டாத இடத்தில், நகக்கண் அளவுக்கு மஞ்சள் பெயிண்ட்.

நம் வீட்டுக் கருவிகளுக்கு மஞ்சள் பட்டை அடிப்பவள் நான்.

துடைப்பக் கட்டையை நீட்டி அந்த டோக்கனைத் திருப்பினேன்.

1.

மார்ச்சில் அக்கா வீட்டுக் குழாயைச் சரிசெய்யக் கொண்டுபோனேன். பேச்சு சுவாரஸ்யத்தில் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கேதான் போயிருக்கிறார். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், நிற்க இடமில்லாத பஸ். சே, என்ன வாய் எனக்கு! நாலு நாள் அந்தச் சிலேட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் அவர் பேப்பர் படித்தார்.

ஜூன் 10, செவ்வாய்

"அந்தப் பழைய சாமான் கடை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

பொய்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியாது. பெயிண்ட்டைச் சுரண்டவும் தெரியாது. இப்படி ஒரு மனுஷன்.

சிலேட்டை இறக்கி, 2-ஐ அழித்துவிட்டு, இடது கையால் 1 என்று எழுதி அதே இடத்தில் மாட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"கோணலா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும். எனக்கு முதுகு தேய்க்க எட்டல. நாளைக்கு வாங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.