என் நாற்காலியில் மாலையில் உட்காருபவர்

5 ஆகஸ்ட் 2002, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குடையை வேனில் விட்டுவிட்டேன். டிரைவர் பார்க்கவே இல்லையாம். பார்த்திருப்பார்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் காலை ஏழு மணி ஷிப்ட். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ரிக்கார்டரில் பேசி அனுப்புகிறார்கள். அதைக் கேட்டு அப்படியே டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். தங்கவயலில் பதினாறு வருஷம் ஆங்கில இலக்கணம் நடத்தியவன் நான். சுரங்கம் மூடியது, பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளிக்கூடமும் என்னை அனுப்பிவிட்டது. இப்போது இருபது வயசுப் பெண்களோடு ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிரெய்னி. இம்மாதக் கடைசியில் நிரந்தரமா, வீட்டுக்கா என்று சொல்வார்கள்.

இன்று கேட்டவை:
– ஆன் ஆக்சிஜன். ஆன் ஆஸ்பிரின். இன்னும் எதன் மேலெல்லாம் ஏறுவாரோ நோயாளி.
– அவுட் ஆஃப் பெட் டு சேர். அவ்வளவுதான் வாக்கியம். வினைச்சொல்லைக் காணோம். என் வகுப்பாக இருந்தால் முட்டி போட வைத்திருப்பேன்.
– இன் ஃபார் ஃபாலோ அப். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு முன்னிடைச்சொல். பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்பது போல.

படித்த டாக்டர்கள் இப்படியா பேசுவார்கள்? ரிக்கார்டிங்கில் ஏதோ கோளாறு என்றே நினைக்கிறேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

கால் வலி. டேப்பை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் ஒரு பெடல், நாள் முழுக்க மிதிக்க வேண்டும்.

ஷார்ட்கட் லிஸ்ட் முடித்தேன். மூன்றெழுத்து தட்டினால் முழுத் தொடரும் தானாகத் திரையில் விழும். அட் தி டைம் ஆஃப், ஆன் தி லெஃப்ட் சைடு, வித் ரிகார்ட் டு, இப்படி இருநூற்றுச் சொச்சம். டாக்டர்கள் கொச்சையாகச் சொல்வதை எல்லாம் இலக்கணப்படி திருத்தித்தான் ஏற்றியிருக்கிறேன். நோட்டிலும் ஒரு பிரதி.

மாலை ஷிப்டுக்கு என் மெஷினிலேயே, இதே லிஸ்டோடு, வேறொருவர். நான் போன பின் வருவார், நான் வருமுன் போய்விடுவார். பெயர் தெரியாது. இனி மா.ஆ. (மாலை ஆள்).

7 ஆகஸ்ட், புதன்

வெயில். துணி காயும்.

லிஸ்டில் கை வைத்திருக்கிறார்கள்.

முதல் ஃபைலிலேயே தெரிந்தது. தட்டியது ஒன்று, விழுந்தது வேறு. என் 'இன் ஹாஸ்பிடல்' இப்போது 'இன் தி ஹாஸ்பிடல்'. தேடிப் பார்த்ததில் மொத்தம் ஐந்து. கையோடு பழையபடி மாற்றிவிட்டேன். மா.ஆ.வைத் தவிர வேறு யார்?

8 ஆகஸ்ட், வியாழன்

அந்த ஐந்தும் மறுபடி மாறியிருக்கின்றன. கூட நான்கு.

மா.ஆ. பற்றிக் கவனித்தவை:
1. நாற்காலியைத் தாழ்த்தி வைத்திருக்கிறார். குள்ளம்.
2. பெடல் இடது பக்கம்.
3. ஹெட்போனில் தலைவலித் தைல வாசனை.
4. கீபோர்டைத் துடைத்து வைத்திருக்கிறார். எதை மறைக்க?

வேனில் பின் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டது: "ஒரு மெஷினுக்கு ஒருத்தர்தானாம்பா இனிமே. ரெண்டு பேர்ல யார் மார்க் கம்மியோ அவங்க அவுட்."

இப்போது புரிகிறது. என் மார்க்கைக் குறைக்க வழி பார்க்கிறார் மா.ஆ. மாறியவற்றைத் தேதி போட்டுக் குறித்து வைத்தேன்.

10 ஆகஸ்ட், சனி

வார மார்க் வந்தது. நம்பவே முடியவில்லை, ஏறியிருக்கிறது. ஃபைல்களைச் சரிபார்க்கும் மஞ்சுளா, வயசில் என் மகள் மாதிரி, "பரவாயில்ல சார், காது பழகிடுச்சு" என்றாள். காதா? பதினாறு வருஷ இலக்கணம் அம்மா. சொல்லவில்லை.

சரசுவுக்கு போன். தங்கவயலில் எங்கள் பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு, டியூஷன் வேண்டுமாம். வேலை நிரந்தரமானால் எல்லோரும் இங்கேயே வந்துவிடலாம் என்றேன். "ஆனா பாத்துக்கலாம்" என்றாள். அந்த 'ஆனா' என்னவோ செய்தது. எத்தனை நாளைக்கு மச்சான் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுப்பது.

மார்க் ஏறினாலும் மா.ஆ. சும்மா இருக்க மாட்டார். இனிமேல்தான் ஜாக்கிரதை.

12 ஆகஸ்ட், திங்கள்

மழை. சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் வேன் நகரவில்லை.

இன்று பதினொன்று மாறியிருக்கின்றன, கண்ணில் பட்டவரைக்கும். படாதவை எத்தனையோ. ஒன்றைப் பார்த்துச் சிரிப்பே வந்தது. மருந்தை நிறுத்திவிட்டார் என்பதற்கு 'ஆஃப் ஆஃப்' (off of) என்று இரண்டு ஆஃப். இது என்ன ஆங்கிலம்? டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்காக நாமும் எழுதுவதா?

மச்சானிடம் சொன்னேன். "இன்னா மாமா, ஒரு சீட்டு எழுதி கீபோர்டுக்குக் கீழ வெச்சிட்டு வா. யாரு, எதுக்கு மாத்துறன்னு கேளு. தீந்துச்சு" என்றான். சுலபமாகச் சொல்லிவிட்டான். என் கையெழுத்தை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனால்? எழுதவில்லை.

13 ஆகஸ்ட், செவ்வாய்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். தேதிவாரியாகக் குறித்ததைக் காட்டினேன். கன்னடக்காரர், பொறுமையாகக் கேட்டார். மாற்றுவதால் என் ஃபைலில் தப்பு வந்ததா என்றார். வரலாம் என்றேன். வந்ததா என்று மறுபடி கேட்டார். வேண்டுமென்றே செய்கிறார்கள் சார், என் வேலை போய்விடும் என்றேன். விசாரிக்கிறேன் என்றார்.

அவர் எதற்கு அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டார்? மா.ஆ. அவருக்குச் சொந்தமோ?

16 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று லீவு. இன்று நாற்காலி நான் விட்ட உயரத்திலேயே இருந்தது. தைல வாசனை இல்லை.

மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். மாலை ஆளை நிறுத்தியாகிவிட்டது. பொது லிஸ்டைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்பது விதி. மெஷின் இனி எனக்கு மட்டும், பாஸ்வேர்டும் போட்டாயிற்று. இன்னொரு காகிதம் நீட்டினார். வேலை நிரந்தரம்!

நோட்டை வைத்துக்கொண்டு லிஸ்ட் முழுவதையும் பழையபடி ஆக்கினேன். மாறியிருந்தவை நூற்று நாற்பதுக்கு மேல். என்ன துணிச்சல். சரசுவுக்கு போன். அழுதாள். காலை இட்லிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை, பசியும் இல்லை. சந்தோஷம்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

வானம் மூடியே கிடக்கிறது. மச்சான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், சின்னது.

மஞ்சுளா என் சீட்டுக்கே வந்தாள். கையில் மூன்று பக்கம், சிவப்பு மயமாக. இரண்டே நாள் ஃபைல்கள். "இன்னாச்சு சார்? போன வாரம் நல்லா பண்ணீங்களே" என்றாள். சொற்கள் எல்லாம் சரிதான். அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் வருகிற சின்னச் சின்ன ஒட்டுகள்தான் தப்பாம். டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு வேறு எழுதியிருக்கிறேனாம்.

முதலில் அவள் மேல்தான் சந்தேகம் வந்தது. யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியிருக்கிறாள் என்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இன் தி ஹாஸ்பிடல் என்கிறார். தெளிவாக, 'தி' போட்டு. அடுத்த டாக்டரும். அதற்கடுத்தவரும். இரண்டு ஆஃப் சொன்னவர்கள் ஆறு பேர். சிவப்பு வட்டம் போட்டவை அத்தனையும் வெள்ளிக்கிழமை என் கையால் திருப்பி மாற்றியவை.

அப்படியென்றால் பத்தாம் தேதி ஏறியது என் மார்க் இல்லை.

மேனேஜர் அன்று எதற்கு அப்படிக் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. தப்பு வந்ததா, வந்ததா என்று.

21 ஆகஸ்ட், புதன்

தூறல்.

மேனேஜரிடம் எல்லாம் சொல்லிவிடுவது என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கவரை நீட்டினார். நீங்கள் காக்ஸ் டவுன்தானே, அந்த அம்மாவும் அங்கேதான், ரிலீவிங் லெட்டர், கொடுத்துவிடுங்கள் என்றார். அம்மாவா? பெயர் பிலோமினா. ஐம்பத்தைந்து வயசு. முன்பு ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட். படிப்பு எட்டாவது.

விசாரித்தபோது என்ன சொன்னார்கள் சார் என்று கேட்டேன். மேனேஜர் அப்படியே சொல்லிக் காட்டினார்: "காலைல வர்றவரு நெறைய படிச்சவரு போல சார். அதான் டாக்டர் பேச்சைத் திருத்துறாரு. பாவம், அவருக்கும் மார்க் போகுது, எனக்கும் போகுது. அதான் மாத்தி வெச்சேன்."

என்னைப் பற்றிப் புகார் சொல்ல அவரிடமும் என் தப்புகள் நூற்று நாற்பது இருந்திருக்கின்றன. சொல்லவில்லை.

கவரை வாங்கிக்கொண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கையில் நிரந்தரக் காகிதம், ஊரில் சரசு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தக் காரணம் எனக்கே பிடிக்கவில்லை.

22 ஆகஸ்ட், வியாழன்

சாயங்காலம் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டு வீடு. குள்ளமான அம்மா, கண்ணாடி, நெற்றியில் தைலம் மினுமினுப்பு. ஆபீஸ் ஆள் என்றேன், கவரைக் கொடுத்தேன். பிரிக்கவில்லை. மேஜை மேல் வைத்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. மழைல வந்துகீறீங்க."

டீ கொடுத்தார். வேறு வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டேன். இந்த வயசில் யார் தம்பி கூப்பிடுவார்கள் என்றார், வருத்தம் காட்டாமல். வீட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பிறகு அவராகவே கேட்டார்.

"காலைல வர்ற சார் எப்பிடி இருக்காரு? அவருக்கு வேலை நிரந்தரம் ஆச்சா?"

ஆச்சு என்றேன்.

"நல்லது. அவருக்குக் காது நல்ல காதுதான். மனசுதான் கேக்க மாட்டேங்குது. பாத்தீங்கன்னா சொல்லுங்க, முதல்ல கண்ண மூடிக் கேக்கச் சொல்லுங்க, அப்புறம் தட்டச் சொல்லுங்க."

தலையாட்டினேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதிக்கொண்டே இருந்தேன். டீ சூடு என்றேன். எனக்கும் மார்க் குறைகிறது என்று எப்படியோ வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொரு மணிக்கு வாங்க, கேட்டதை எல்லாம் எழுதி வைத்த நோட்டு இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்.

கிளம்பும்போது பெயர் கேட்டார். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். ரமேஷ். ஞாயிற்றுக்கிழமை போகும்போது அந்தப் பெயர் மறந்துவிடக் கூடாது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.